வீட்டுக் கடனை மாற்றுவது இலாபமா? வட்டி வீதத்துக்கு அப்பால் ஒரு கணக்கு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்று எமது முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டைக் கட்டி முடித்த பின்னர் அதற்கான கடனைக் கட்டிப் பார் என்பதையும் அவற்றுடன் சேர்த்துக்கொள்ள வேண்டிய நிலையிலேயே இன்றைய இலங்கையின் நடுத்தரக் குடும்பங்கள் உள்ளன. கடந்த சில ஆண்டுகளில் வட்டி வீதங்கள் ஏறிய வேகமும் இறங்கிய வேகமும், ஒரே தெருவில் ஒரே அளவான வீட்டைக் கட்டிய இரு குடும்பங்களின் தவணைப் பணத்துக்கிடையே பெரும் வேறுபாட்டை உருவாக்கியுள்ளன. இந்நிலையில் பழைய கடனைத் தீர்த்துவிட்டுப் புதிய கடனுக்கு மாறுவது நன்மையா, அன்றி நகையையோ சேமலாப நிதியையோ தனிநபர் கடனையோ நாடுவது நன்மையா என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்திருக்கிறது. இக்கேள்விக்கு உணர்ச்சியால் அன்றிக் கணக்கால் விடை காண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பின்னணியை நினைவுகூர்வது அவசியம். 2020 ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய வங்கி, சம்பளம் பெறுவோரின் ஈட்டு வீட்டுக் கடன்களுக்கு முதல் ஐந்து ஆண்டுகளுக்கேனும் ஆண்டுக்கு 7 வீதம் என்ற உச்ச வட்டி எல்லையை விதித்தது. அதன் பின்னரான காலத்துக்கு வட்டி சந்தை வீதத்தை ஒட்டி மாறும் என்பதே ஏற்பாடாகும். 2021 இல் அவ்வாறு கடன் பெற்றவர்களின் ஐந்தாண்டுகள் 2026 இல் நிறைவடைகின்றன. 50 இலட்சம் ரூபாவை 20 ஆண்டுகளுக்குப் பெற்ற ஒருவர் 7 வீத வட்டியில் மாதம் சுமார் 38,765 ரூபா செலுத்தி வந்திருப்பார். ஐந்தாண்டுகளின் முடிவில் அவருக்கு இன்னமும் 43 இலட்சத்து 13 ஆயிரம் ரூபா மீதி இருக்கும். எஞ்சிய காலத்துக்கு வட்டி 10 வீதமாக மாறுமாயின் தவணை ஏறத்தாழ 46,350 ரூபாவாக உயரும். ஐந்தாண்டுகள் ஒழுங்காகக் கட்டியும் தவணை ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாவுக்கு மேல் கூடுகிறதே என்று அவர் மலைப்பது இயல்பே.

அவரைவிடப் பெரிய துன்பத்துக்கு உள்ளானவர்கள் மிதக்கும் வட்டியில் கடன் பெற்றவர்களும், 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வேறு வழியின்றிக் கடன் பெற்றவர்களுமாவர். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தனது கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. நான்கு நாட்களின் பின்னர் நாடு தனது வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தை எட்டியது. வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளர்களிடமிருந்து அறவிடும் முதன்மைக் கடன்வழங்கல் வீதமே அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் 27 வீதத்தைத் தாண்டியது. வங்கியின் சிறந்த வாடிக்கையாளருக்கே அந்த வீதமெனில், சாதாரண ஆசிரியருக்கும் கடை வைத்திருப்பவருக்கும் என்ன வீதம் கிடைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

2023 ஜூனில் இருந்து நிலைமை திரும்பியது. மத்திய வங்கி படிப்படியாகக் கொள்கை வீதங்களைக் குறைத்தது. 2024 நவம்பரில் ஓரிரவுக் கொள்கை வீதம் என்ற ஒற்றை வீதமுறைக்கு மாறி அதனை 8 வீதமாக நிர்ணயித்தது. 2025 மே மாதத்தில் அது 7.75 வீதமாக்கப்பட்டது. ஆயினும் கொள்கை வீதம் இறங்கிய அதே வேகத்தில் ஒவ்வொருவரின் கடன் பத்திரத்திலுள்ள வீதமும் இறங்கிவிடவில்லை. ஏறும்போது உடனே கடிதம் அனுப்பிய வங்கி, இறங்கும்போது கடன்காரர் வந்து கேட்கும்வரை காத்திருக்கும் வழமையை நாம் அறிவோம். ஆகவே கேட்பது எமது கடமையாகிறது. எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதற்குத்தான் கணக்குத் தேவைப்படுகிறது.

ஒரு வங்கியில் வீட்டை ஈடு வைத்துப் பெற்ற கடனை, அதே வங்கியின் அல்லது மற்றொரு வங்கியின் புதிய கடனால் தீர்த்துவிட்டுப் புதிய வட்டியில் தொடர்வதையே மீள்நிதியிடல் என்கின்றனர். ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 50 இலட்சம் ரூபா கடன் மீதியுண்டு. எஞ்சிய காலம் 15 ஆண்டுகள். பழைய வட்டி 16 வீதம். மாதத் தவணை சுமார் 73,435 ரூபா. மற்றொரு வங்கி 12 வீதத்துக்குக் கடன் தர முன்வருகிறது. அதே 15 ஆண்டுகளுக்குத் தவணை 60,008 ரூபாவாகும். மாதம் 13,427 ரூபா மீதமாகும். பதினைந்து ஆண்டுகளில் இது 24 இலட்சம் ரூபாவுக்கு மேலான தொகை. (இவ்வீதங்கள் கணக்கின் வசதிக்காக நாம் எடுத்துக்கொண்டவை, ஒவ்வொருவரும் தமக்குக் கிடைக்கும் வீதத்தை வைத்துக் கணக்கிட வேண்டும்.)

இந்த 24 இலட்சம் முழுவதும் கைக்கு வந்துவிடாது. பழைய வங்கி முன்கூட்டியே கடனைத் தீர்ப்பதற்கான கட்டணத்தை மீதித் தொகையின் ஒரு வீதமாக அறவிடக்கூடும். பழைய ஈட்டை நீக்கும் உறுதிக்கும் புதிய ஈட்டு உறுதிக்கும் நொத்தாரிசுக் கட்டணம், முத்திரைத் தீர்வை, காணிப் பதிவகக் கட்டணம் என்பன உண்டு. உறுதிகளைப் பரிசீலிக்கும் சட்டத்தரணியின் அறிக்கைக்கும், வீட்டை மதிப்பிடும் மதிப்பீட்டாளருக்கும் பணம் செலுத்த வேண்டும். புதிய வங்கியின் கடன் ஆயத்தக் கட்டணம், கடன்காரர் இறந்தால் கடனைத் தீர்ப்பதற்கான காப்புறுதிக் கட்டணம் என்பனவும் சேரும். இவை யாவும் சேர்ந்து இரண்டரை இலட்சம் ரூபா என்று கொள்வோம். அத்தொகையை மாதம் 13,427 ரூபா என்ற மீதத்தால் வகுத்தால் 19 மாதங்களில் செலவு ஈடாகிவிடும். அதன் பின்னர் வருவதே உண்மையான இலாபம். எனவே இன்னும் ஓரிரு ஆண்டுகளில் வீட்டை விற்கவோ, கடனை முழுமையாகத் தீர்க்கவோ எண்ணியிருப்பவருக்குக் கடன் மாற்றம் பயன் தராது. நீண்ட காலம் எஞ்சியிருப்பவருக்கே அது பயன் தரும்.

இங்கு ஒரு பொறியையும் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. புதிய வங்கியின் அலுவலர், "தவணையை இன்னும் குறைத்துத் தருகிறோம், காலத்தை 20 ஆண்டுகளாக்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்வது வழமை. மேற்குறித்த கடனை 12 வீதத்தில் 20 ஆண்டுகளுக்குப் பெற்றால் தவணை 55,054 ரூபாவாக இறங்கும். கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும். ஆனால் 240 மாதங்களில் செலுத்தும் மொத்தத் தொகை 132 இலட்சத்து 13 ஆயிரம் ரூபா. பழைய 16 வீதக் கடனை 15 ஆண்டுகளில் கட்டி முடித்திருந்தால் செலுத்தும் மொத்தமும் 132 இலட்சத்து 18 ஆயிரம் ரூபாவே. அதாவது வட்டி நான்கு வீதத்தால் குறைந்தும் மொத்தச் செலவில் ஐயாயிரம் ரூபாதான் வேறுபாடு. மாற்றுவதற்குச் செலவான இரண்டரை இலட்சத்தையும் சேர்த்தால் நட்டமே மிஞ்சும். குறைந்த வட்டியின் நன்மை முழுவதையும் நீண்ட காலம் விழுங்கிவிடுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. 12 வீதத்துக்கு மாறிய பின்னரும் அவர் பழைய தவணையான 73,435 ரூபாவையே தொடர்ந்து கட்டினால் என்ன நிகழும்? கடன் 15 ஆண்டுகளில் அன்றி, ஒன்பது ஆண்டுகளும் ஏழு மாதங்களுமான காலத்தில் தீர்ந்துவிடும். மொத்தமாகச் செலுத்துவது 84 இலட்சத்து 30 ஆயிரம் ரூபா அளவாகும். மாற்றச் செலவு போகவும் 45 இலட்சம் ரூபா மீதமாகும். ஏற்கெனவே அந்தத் தவணைக்குப் பழகிவிட்ட குடும்பத்துக்கு இது இயலாததன்று. மேலதிகமாகக் கட்டும் தொகையை முதலில் கழிக்கவும், அதற்குத் தண்டக் கட்டணம் அறவிடாதிருக்கவும் புதிய வங்கி உடன்படுகிறதா என்பதை மட்டும் கையெழுத்துக்கு முன்னர் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

வேறு வங்கிக்குப் போவதற்கு முன்னர் சொந்த வங்கியின் முகாமையாளரைச் சந்திப்பதே சிக்கனமான வழி எனலாம். மற்றொரு வங்கி எழுத்தில் தந்த வட்டி வீதத்தைக் காட்டி, எமது வீதத்தைக் குறைக்குமாறு கேட்கலாம். ஒழுங்காகத் தவணை கட்டியவரை இழக்க வங்கிகள் விரும்புவதில்லை. சொந்த வங்கி ஒன்றரை வீதத்தைக் குறைத்தாலே, புதிய உறுதி, மதிப்பீடு, முன்கூட்டிய தீர்வுக் கட்டணம் எதுவுமின்றி இலாபத்தின் ஒரு பகுதி உடனே கைக்கு வரும். அவ்வாறே, புதிய வீதம் நிலையானதா மிதப்பதா, நிலையானதெனில் எத்தனை ஆண்டுகளுக்கு, அதன் பின்னர் எந்தச் சந்தை வீதத்துடன் எத்தனை புள்ளிகள் சேர்க்கப்படும் என்பவற்றையும் கேட்டறிய வேண்டும். 2022 இல் மிதக்கும் வட்டிக்காரர் பட்ட பாட்டை மறந்து, முதலாண்டுச் சலுகை வீதத்தை மட்டும் பார்த்து மாறுவது விவேகமாகாது.

இதுவரை கூறியது பழைய கடனை மலிவாக்குவது பற்றியது. புதிதாகப் பணம் தேவைப்படும்போது கணக்கு வேறாகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலும் வெள்ளமும் மண்சரிவும் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளைச் சிதைத்துச் சென்றதைக் கண்டோம். கூரையை மாற்றவும், சுவரைக் கட்டவும், பிள்ளையை மேற்படிப்புக்கு அனுப்பவும் 10 இலட்சம் ரூபா தேவைப்படும் ஒரு குடும்பத்தின் முன்னால் பல கதவுகள் உள்ளன. எந்தக் கதவுக்குள் போவது?

வீட்டுக் கடனுடன் 10 இலட்சத்தைக் கூட்டிப் பெறுவது ஒரு வழி. 12 வீதத்தில் 15 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதம் 12,002 ரூபா. மலிவாகத் தோன்றும் இக்கடனுக்குச் செலுத்தும் வட்டி மட்டும் 11 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவாகும். 16 வீதத்தில் ஐந்தாண்டுத் தனிநபர் கடனாக எடுத்தால் மாதம் 24,318 ரூபா. மொத்த வட்டி 4 இலட்சத்து 59 ஆயிரம் ரூபா. கூடிய வட்டி வீதமுள்ள கடனே இங்கு குறைந்த செலவுள்ளதாக அமைகிறது. காரணம் காலம். அதே வீட்டுக் கடன் மேலதிகத்தையும் ஐந்தாண்டுகளில் கட்டி முடித்தால் மாதம் 22,244 ரூபா. வட்டி 3 இலட்சத்து 35 ஆயிரம் ரூபா. உறுதிச் செலவுகள் ஓர் இலட்சம் ரூபாவை எட்டாதவரை இதுவே மலிவானது. எனவே வீதத்தை வீதத்துடன் ஒப்பிடுவது மட்டும் போதாது. ஒரே காலத்தை வைத்து, எல்லாச் செலவுகளையும் கூட்டி, மொத்தத் தொகையை மொத்தத் தொகையுடன் ஒப்பிட வேண்டும்.

தனிநபர் கடனில் வீடு ஈடாகாது என்பது அதன் பெரும் நன்மை. ஆனால் இரு பிணையாளிகள் தேவைப்படுவர். தவணை தவறினால் நண்பரின், உடன் பணிபுரிபவரின் பெயர் கடன் தகவல் பணியகத்தின் பதிவில் கறைபடும். எமது சமூகத்தில் எத்தனையோ உறவுகள் பிணைக் கையெழுத்தினால் முறிந்திருக்கின்றன. அந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

நகை அடகு எமது மக்களின் பழைய நண்பன். காலையில் கொண்டு சென்றால் நண்பகலுக்கு முன்னர் பணம் கையில் இருக்கும். பிணையாளியும் வேண்டாம், உறுதியும் வேண்டாம். 2023 ஓகஸ்டில் மத்திய வங்கி, வங்கிகளின் நகை அடகுக்கு 18 வீதமும், முன்கூட்டி ஒழுங்கு செய்யப்பட்ட தற்காலிக மேலதிகப்பற்றுக்கு 23 வீதமும், கடனட்டைக்கு 28 வீதமும் உச்ச வட்டி எல்லைகளாக விதித்தது. 18 வீதப்படி 10 இலட்சத்துக்கு ஓராண்டு வட்டி 1 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா. ஆறு மாதத்தில் அறுவடைப் பணமோ சீட்டுப் பணமோ வருமென்று உறுதியாக அறிந்தவருக்கு இதைவிட இலகுவான வழியில்லை. ஆனால் ஆண்டுதோறும் வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டு போனால் ஐந்தாண்டுகளில் 9 இலட்சம் ரூபா வட்டி கட்டிய பின்னரும் நகை வங்கியின் பெட்டகத்திலேயே இருக்கும். 2025 இல் ஒரு பவுண் தங்கத்தின் விலை 3 இலட்சம் ரூபாவைத் தாண்டியமையால் குறைந்த நகைக்குக் கூடிய பணம் கிடைக்கிறது. மீட்க வேண்டிய தொகையும் அதனால் கூடியிருக்கிறது என்பதை மறக்கலாகாது. சில வேளைகளில் அடகு வைப்பதைவிட ஒரு பகுதியை விற்றுவிடுவதே மேலானது. தாயின் தாலிக்கொடியை விற்பதா என்று மனம் கேட்கும். ஏலத்தில் அது போவதைவிட நாமே நல்ல விலைக்குக் கொடுப்பது எவ்வளவோ மேல்.

கடனட்டையின் 28 வீதம் மாதாமாதம் வட்டிக்கு வட்டியாகும்போது ஆண்டுக்கு ஏறத்தாழ 32 வீதமாகிறது. கடனட்டை சம்பள நாள் வரையான கைமாற்றுக்கு உதவும். கூரை போடுவதற்கு உதவாது.

இதைவிட மறைவான ஆபத்து, நிதிக் கம்பனிகள் சிலவும் முகவர்களும் சொல்லும் 'நிலையான வட்டிக் கணக்கு'. "ஆண்டுக்கு 12 வீதம்தான்" என்பர். 10 இலட்சத்துக்கு மூன்றாண்டு வட்டி 3 இலட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 13 இலட்சத்து 60 ஆயிரத்தை 36 ஆல் வகுத்து மாதம் 37,778 ரூபா என்பர். மாதாமாதம் முதல் குறைந்துகொண்டு போனாலும் முழு முதலுக்கும் வட்டி அறவிடப்படுவதால், குறைந்து செல்லும் மீதியின்மீது கணக்கிட்டால் உண்மை வட்டி 21 வீதத்துக்கு மேலாகும். 12 என்று சொன்ன வாயால் 21 அறவிடப்படுகிறது. வங்கியின் 16 வீதத்தைவிட இது மலிவென்று நம்பிச் சென்றவர்கள் ஏராளம். இனி நூற்றுக்கு ஐந்து என்ற மாத வட்டியை எடுத்துக்கொண்டால் அது ஆண்டுக்கு 60 வீதம். மீற்றர் வட்டியைப் பற்றி எழுதவே தேவையில்லை. அதனால் ஊரைவிட்டே போன குடும்பங்களை எமது வாசகர்கள் நன்கறிவர்.

சம்பளம் பெறுவோருக்கு ஊழியர் சேமலாப நிதி என்ற மற்றொரு வாசல் உண்டு. பத்தாண்டு அங்கத்துவமும் குறைந்தது 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளவர், வீட்டுத் தேவைக்காகவோ மருத்துவத் தேவைக்காகவோ தமது மீதியில் 30 வீதத்தை, உச்சமாக 20 இலட்சம் ரூபாவரை, ஓய்வுக்கு முன்னரே பெறலாம். அதற்கு வட்டியில்லை என்பதால் இலவசப் பணமாகக் கருதுவோர் உளர். இலவசமன்று. அந்நிதி தனது அங்கத்தவர்களுக்கு 2023 ஆம் ஆண்டுக்கு 13 வீதமும் 2024 ஆம் ஆண்டுக்கு 11 வீதமும் வட்டி வழங்கியது. எடுக்கும் பணம் அந்த வருமானத்தை இழக்கிறது. எனவே 16 வீதக் கடனைக் குறைப்பதற்கு அதனை எடுப்பது இலாபம். 10 வீதக் கடனைக் குறைப்பதற்கு எடுப்பது, முதுமைக் காலத்தின் சோற்றை இன்றே உண்பதற்கு ஒப்பானது.

இவ்வாறு ஒப்பிடும்போது, கடனட்டைக் கடன், லீசிங், நகை அடகு யாவற்றையும் வீட்டின்மீது பெறும் ஒரே கடனாக்கிவிட்டால் நல்லதல்லவா என்ற எண்ணம் எழும். வட்டிக் கணக்குப்படி அது சரியாகவே தோன்றும். ஆனால் அதன்மூலம் நாம் செய்வது என்ன? கட்டத் தவறினால் வழக்குக்கும் அவமானத்துக்கும் மட்டும் காரணமாகியிருக்கக்கூடிய கடனை, கட்டத் தவறினால் வீடே போகக்கூடிய கடனாக மாற்றுகிறோம். வங்கிகளின் கடன் அறவீட்டுக்கான 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் செல்லாமலேயே ஈடு வைத்த சொத்தை ஏலமிடும் அதிகாரத்தை வங்கிகளுக்கு வழங்குகிறது. 50 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத கடன்களுக்கு அச்சட்டத்தின் கீழ் ஏலமிட முடியாதென 2011 இல் திருத்தம் செய்யப்பட்டது. நெருக்கடியின் பின்னர் 2024 இல் அந்த அதிகாரம் தற்காலிகமாக இடைநிறுத்தப்பட்டு, 2025 மார்ச் 31 வரை நீடிக்கப்பட்டது. தற்காலிக நிவாரணத்தை நிரந்தரப் பாதுகாப்பென எண்ணிவிடலாகாது. பல கடன்களை ஒன்றாக்கும்போது மீதித்தொகை 50 இலட்சத்தைத் தாண்டுமாயின், அதுவரை இருந்த ஒரு கவசம் கழன்றுவிடுகிறது என்பதையும் கவனத்திற் கொள்ள வேண்டும். கடனட்டையை வீட்டுக் கடனால் தீர்த்தவர் அந்த அட்டையை வெட்டி எறியாவிட்டால், ஈராண்டில் இரு கடன்களும் அவர் தலையில் இருக்கும் என்பது அனுபவம்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இக்கேள்வி வட்டி எவ்வளவு என்பதற்கு முன்னரே, வட்டி கூடுமா என்பதில் தொடங்குகிறது. 2011 ஓகஸ்டில் அமானா வங்கி முழுமையான வட்டியற்ற வங்கியாகத் தனது பணிகளைத் தொடங்கியது. வேறு வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தனிப்பிரிவுகளை வைத்துள்ளன. வீட்டுக்கான முஷாரகா முறையில் வங்கியும் வாடிக்கையாளரும் வீட்டின் கூட்டுரிமையாளராவர். வாடிக்கையாளர் வங்கியின் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொண்டு, எஞ்சிய பங்குக்கு வாடகை செலுத்துவார். மார்க்க அடிப்படையில் இது வேறானது. எனினும் குடும்ப வரவு செலவின் கண்ணோட்டத்தில் அதே கேள்விகள் இங்கும் கேட்கப்பட வேண்டும். வாடகை எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படும், எந்தச் சந்தை வீதத்தை ஒட்டி மாற்றப்படும், முன்கூட்டியே முழுப் பங்கையும் வாங்கினால் என்ன செலவு, தாமதக் கட்டணம் எங்கே போகிறது என்பனவே அவை. மார்க்க மனநிறைவுக்காக ஓரளவு கூடிய தொகையைச் செலுத்த ஒருவர் விரும்பலாம். அது அவரது உரிமை. எவ்வளவு கூடுதலாகச் செலுத்துகிறோம் என்பதை அறிந்து செலுத்துவதே முறை.

மேற்கூறிய கணக்குகள் யாவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டவை. வங்கி ஏற்றுக்கொள்ளும் தெளிவான உறுதி கையில் இருக்க வேண்டும். வடக்கு, கிழக்கில் போரினால் பலமுறை இடம்பெயர்ந்து உறுதிகளைத் தொலைத்தவர்களும், உரித்தாளர்கள் பல நாடுகளில் சிதறியிருப்பதால் முதுசொம் காணியைப் பிரிக்க முடியாதவர்களும் ஏராளம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்திலும் அளிப்புப் பத்திரத்திலும் குடியிருப்போர் தமது காணியை விரும்பியவரிடம் ஈடு வைக்க முடியாது. மலையகத்தின் லயன் அறைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கோ ஈடு வைப்பதற்குக் காணியே இல்லை. இவர்களுக்கு 12 வீத வீட்டுக் கடன் என்பது பத்திரிகையில் படிக்கும் செய்தி மாத்திரமே. அவர்களுக்குத் திறந்திருந்த கதவு நுண்கடன். அதன் விளைவைப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் வன்னியிலும் மட்டக்களப்பிலும் கண்டோம். 2018 இல் வரட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு ஓர் இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களை அரசாங்கம் பொறுப்பேற்க வேண்டியிருந்தமையும், நுண்கடன் வட்டிக்கு 35 வீத எல்லை விதிக்கப்பட்டமையும் அத்துயரத்தின் அளவைக் காட்டுவன. சொத்துள்ளவருக்கு 12 வீதம், சொத்தற்றவருக்கு அதன் மும்மடங்கு என்பதே இந்நாட்டின் கடன் சந்தையின் இயல்பாக இருந்து வந்துள்ளது.

ஆகவே இவ்விடயத்தில் தனிமனிதரின் விவேகத்துடன் அரசின் பொறுப்பும் சேர வேண்டும். 2023 இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது வரவேற்கத்தக்கது. அவற்றின் பயன் கிராமத்துக் கிளையின் மேசைவரை வந்து சேர வேண்டும். கடன் பத்திரம் வாசிப்பவருக்கு விளங்கும் மொழியில், தமிழ் பேசுவோருக்குத் தமிழில், இருக்க வேண்டும். எந்தக் கடனாயினும் எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஒரே ஆண்டு வீதமும், கடன் முடியும் நாள்வரை செலுத்தும் மொத்தத் தொகையும் முதற் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் அச்சிடப்பட வேண்டும். கடனை வேறு வங்கிக்கு மாற்றுவோர்மீது விதிக்கப்படும் தீர்வுக் கட்டணத்துக்கு நியாயமான எல்லை வேண்டும். கடன்காரர் இலகுவாக வெளியேற முடியுமாயின், வங்கிகள் தாமாகவே வட்டியைக் குறைக்கும். காணி உரித்துப் பிரச்சினைகளுக்குத் தீர்வு காணப்படாதவரை எந்தச் சலுகை வட்டியும் மிகத் தேவையுள்ளவரைச் சென்றடையாது.

பணவீக்கம் கடனைக் கரைத்துவிடும் என்று எண்ணிக் காத்திருப்போருக்கும் ஒரு சொல். 2022 இல் நிலையான 7 வீதத்தில் கடன் வைத்திருந்தவருக்கு விலையேற்றம் உதவியது உண்மையே. ஆனால் 2024 செப்டெம்பரில் இருந்து பல மாதங்களுக்குப் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழ் இருந்தது. அக்காலத்தில் 16 வீத வட்டி கட்டியவர் முழுச் சுமையையும் தாமே சுமந்தார். நாளைய விலைவாசியை நம்பி இன்று கடன் வாங்குவது சூதாட்டத்துக்கு ஒப்பானது.

அலுமாரியில் மடித்து வைத்திருக்கும் கடன் பத்திரத்தை இவ்வார இறுதியில் வெளியே எடுத்துப் பாருங்கள். வட்டி வீதம், எஞ்சிய மாதங்கள், மீதித் தொகை, தீர்வுக் கட்டணம் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, குடும்பத்தவர் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். பல வீடுகளில் கணவன் அறிந்த கடனை மனைவி அறியார். பெற்றோர் அறிந்த கடனைப் பிள்ளைகள் அறியார். கடனால் வரும் துயரத்தின் பாதி அந்த மறைப்பினால் வருவது. கூட்டிக் கழித்துப் பார்த்த பின்னர் பழைய கடனிலேயே இருப்பது நல்லதென்று முடிவாகலாம். மாறுவது நல்லதென்றும் முடிவாகலாம். எதுவாயினும் அம்முடிவு வங்கி அலுவலரின் மேசையில் எடுக்கப்படாமல், எமது வீட்டு மேசையில் எடுக்கப்பட வேண்டும். ஏனெனில் தவணை தவறும் நாளில் ஈடாக நிற்பது அந்த வீடுதான்.